ஓவன் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை... சீத்தாப்பழம் இருக்கு! ஜவ்வாது மலை வீட்டில் ஒரு சாக்லேட் விருந்து

சரஸ்வதி பூஜைக்கு முந்தைய நாள் சாயங்காலம். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். ஓட்டு வீட்டின் சமையற்கட்டில் விறகடுப்பு எரிகிறது. வாணலியில் சீத்தாப்பழச் சதை, சர்க்கரை, ஒரு கரண்டி நெய். அல்வா பதத்துக்கு வரட்டும் என்று இருபது நிமிடங்களாகக் கிளறிக்கொண்டிருந்தாள் அந்த வீட்டுப் பெண்.

வாசனை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள்.

கசப்பு!

பக்கத்தில் காத்திருந்த தம்பியும் வாங்கித் தின்று பார்த்தான். "அக்கா, வேப்பங்கொழுந்து மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்ச் சொம்பைத் தேடி ஓடினான்.

திண்ணையில் உட்கார்ந்து கூடைக்குப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஆயாவின் குரல் உள்ளே வந்தது. "சீத்தாவ யாராவது அடுப்புல ஏத்துவாங்களா? சூடு பட்டா அது கசக்கும். என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

கேட்டிருக்கலாம்தான். ஆனால், அன்றைக்கு ஆயாவிடம் எதையுமே கேட்கிற நிலையில் அவள் இல்லை. அதற்குக் காரணம் இருந்தது.

ஒரு சின்னப் பொய்

அவள் வேலூரில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் ஊரிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன பெண்கள் அதிகம் இல்லை. விடுதியில் சேர்ந்த முதல் வாரம், அறைத்தோழிகள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். ஒருத்தியின் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. இன்னொருத்தியின் அம்மா டீச்சர். மற்றொருத்தி வீட்டில் ரைஸ் மில்.

"உங்க வீட்டுல?"

"எங்களுக்குப் பழத்தோட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது. கொல்லை வேலியோரம் பதினோரு சீத்தா மரங்கள் நிற்கின்றன. யாரும் நட்டதில்லை, தானாக முளைத்தவை. அந்தப் பழங்களையும், கரட்டோரம் கிடைப்பதையும் பறித்துக் கூடையில் சுமந்துபோய், ரோட்டோரம் உட்கார்ந்து விற்பவர் ஆயா. அம்மாவுக்கு முக்கால் ஏக்கர் சாமைக் கொல்லையும், மற்ற நாள்களில் கூலி வேலையும். அப்பா திருப்பூரில். தோட்டம் என்று எதுவும் கிடையாது.

ஒன்றரை வருடம் அந்தப் பொய்யால் எந்தத் தொந்தரவும் வரவில்லை. விடுதியில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக் வரும், க்ரீம் முகத்தில் ஏறும், போட்டோ எடுப்பார்கள். இந்த முறை அவளுடைய 20-வது பிறந்தநாள் சரஸ்வதி பூஜை விடுமுறையில் வந்தது. "உன் பர்த்டேவுக்கு நாங்க மலைக்கு வர்றோம். அப்படியே காவலூர் டெலஸ்கோப், பீமன் அருவி எல்லாம் பார்த்துட்டு, உங்க தோட்டத்தையும் பார்த்துடலாம்" என்று நான்கு பேரும் முடிவு செய்துவிட்டார்கள்.

அவளுக்குத் தூக்கம் போனது.

காவலூரில் இருப்பது வைணு பாப்பு வானாய்வகம். இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் இருந்து அங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெளியூரில் ஜவ்வாது மலை என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது அதுவும், அருவியும், கோடை விழாவும்தான். அங்கே குடியிருக்கிற மலையாளிப் பழங்குடி மக்களின் வீட்டுக்குள் வந்து பார்த்தவர்கள் குறைவு. அவளுடைய வீட்டுக்கு, கீழே இருந்து விருந்தாளி என்று யாரும் வந்ததே இல்லை.

"நம்ம வீட்டுல அவங்களுக்கு இன்னா இருக்குது பாப்பா?" என்றுதான் அம்மாவும் முதலில் கேட்டார். சாமைச் சோறும் கோழிக்குழம்பும் செய்துவிடலாம். ஆனால், பிறந்தநாளுக்கு ஏதாவது இனிப்பு வேண்டாமா? கேக்கைப் போளூரில் வாங்கி, பஸ்ஸில் அத்தனை வளைவுகளும் ஏறி வருவதற்குள் க்ரீம் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் செய்யலாம் என்றால் ஓவன் கிடையாது. புட்டிங், ஐஸ்க்ரீம் என்றால் ஃப்ரிட்ஜ் கிடையாது.

விடுதியில் ஒருநாள் போனில் பார்த்த வீடியோதான் கைகொடுத்தது. ஸ்ட்ராபெர்ரியை உருக்கிய சாக்லேட்டில் முக்கி, காயவைத்து எடுக்கிறார்கள். பேக்கிங் தேவையில்லை. மேலை நாடுகளில் இலையுதிர்காலம் வந்துவிட்டால் ஆப்பிளை இப்படிச் சர்க்கரைப் பாகிலும் சாக்லேட்டிலும் முக்கி, குச்சி செருகிக் கொடுப்பது வழக்கம். நமக்கு அதே மாதங்களில் வருவது கூதிர் காலம். ஐப்பசி, கார்த்திகை. நவராத்திரியில் ஆரம்பித்து தீபாவளி, கார்த்திகை தீபம் வரை வரிசையாக விசேஷங்கள். ஜவ்வாது மலையில் அதுதான் சீத்தாப்பழத்தின் காலமும்.

வேலூரிலிருந்து கிளம்பும்போதே 400 கிராம் டார்க் காம்பவுண்ட் சாக்லேட் கட்டிகள் இரண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

கண் திறந்த பழம்

சீத்தா ஒரு விசித்திரமான பழம். மரத்திலேயே பழுக்க விட்டால் அணிலும் பறவையும் முந்திக்கொள்ளும்; மிச்சமிருப்பது வெடித்துக் கீழே விழும். முற்றாமல் பறித்தால் பழுக்கவே பழுக்காது, கறுத்துச் சுருங்கும். இரண்டுக்கும் நடுவில் பறிக்க வேண்டும். அதற்கு ஆயா பார்ப்பது பழத்தின் 'கண்'களை. மேல்தோலில் இருக்கிற அந்தப் புடைப்புகளுக்கு இடையே பள்ளம் அகன்று, வெளிர் மஞ்சளாகக் கோடு தெரிந்தால், "கண்ணு தெறந்துடுச்சு" என்பார். அப்படிப் பறித்தால் இரண்டு, மூன்று நாளில் பழுக்கும். பழுத்த பிறகு ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குமேல் காத்திருக்காது.

கஷ்டம் அங்கேதான். கூடையில் அடியில் மாட்டிய பழம் நசுங்கும். வெடித்த பழத்தை வாங்க ஆள் இல்லை. விற்காமல் திரும்பி வந்த பழத்தை வீட்டில் எவ்வளவுதான் தின்ன முடியும்? அதிக விளைச்சல் வந்த வருடங்களில் பழம் மலிந்து, சுமந்துபோன கூலிகூட மிஞ்சாமல் போன நாள்களும் ஆயாவுக்கு உண்டு. ஆடு மாடு வாய் வைக்காத இலை என்பதால், மரத்துக்கு வேலியும் வேண்டாம், காவலும் வேண்டாம். பழத்துக்குத்தான் அவசரம்.

பெயரில் சீதை இருந்தாலும் இது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த பழம். போர்ச்சுகீசியர்கள் வழியாக இந்தியாவுக்கு வந்தது என்பது பொதுவான கருத்து. சாக்லேட் தருகிற கோகோ மரமும் அதே கண்டத்தைச் சேர்ந்ததுதான். இப்போது நம் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. தூரதேசத்து உறவுக்காரர்கள் இருவரும் ஜவ்வாது மலை அடுப்படியில் அன்றைக்குச் சந்தித்துக்கொண்டார்கள். முதல் சந்திப்பு கசப்பில் முடிந்ததுதான் மிச்சம்.

ஆயா சொன்னது அனுபவ உண்மை மட்டும் அல்ல. சீத்தாப்பழச் சதையைச் சூடாக்கினால் கசப்பு ஏறும், வெண்மையான நிறமும் மாறும் என்பது பழப் பதப்படுத்தும் துறையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சிக்கல். அதனால்தான் இதை ஜாம் ஆக்குவதைவிட உறையவைத்துப் பயன்படுத்துவது அதிகம். மகாராஷ்டிராவில் சீத்தாப்பழ பாசுந்தி செய்கிறவர்களும் பாலைச் சுண்டக்காய்ச்சி, இறக்கி, நன்றாக ஆறவைத்த பிறகே சதையைச் சேர்ப்பார்கள். மும்பையில் 1984-ல் ஒரு சிறிய கடையாக 'நேச்சுரல்ஸ்' ஐஸ்க்ரீமைத் தொடங்கிய ரகுநந்தன் காமத் பெயர் வாங்கியது சீத்தாப்பழம் போன்ற நாட்டுப்பழ ஐஸ்க்ரீம்களால்தான். 2024-ல் மறைந்த அவர், ஒரு பழ வியாபாரியின் மகன். பழத்தைப் பார்த்து வாங்குகிற கண் அவருக்கு வீட்டிலேயே கிடைத்திருந்தது.

அதே கண் அவள் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்திருந்தது. அதைத்தான் அவள் தோழிகளிடம் மறைத்து வைத்திருந்தாள்.

ஒரு சொட்டுத் தண்ணீர்

அல்வா போனது போகட்டும் என்று சாக்லேட்டை எடுத்தாள். ஒரு கட்டியில் பாதியை நறுக்கிக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தாள். உருக ஆரம்பித்தது. பளபளவென்று வந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் சோற்றுப்பானை மூடியைத் திறந்தார் அம்மா. மூடியிலிருந்து இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் கிண்ணத்தில் விழுந்தது. அவ்வளவுதான். தேன் போல இருந்த சாக்லேட், ஈர மண் மாதிரி கட்டிகட்டியாகத் திரண்டு நின்றுவிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணலயே!" என்று அம்மா பதறினார்.

சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கிற சர்க்கரைத் துகளும் கோகோ துகளும்தான். அதில் கொஞ்சம் தண்ணீர் பட்டால் போதும், சர்க்கரைத் துகள்கள் ஈரமாகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அது முக்கி எடுக்க உதவாது. ஆனால், தூக்கிப் போடவும் வேண்டாம். சூடான பால் விட்டுக் கலக்கினால் இளகிக் குழம்பாகிவிடும். அன்றைக்கு ராத்திரி தம்பிக்கும், அவன் கூட்டி வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சாக்லேட் பால் கிடைத்தது.

மீதி 600 கிராம். அவள் இந்த முறை அடுப்பை விட்டு விலகி உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தாள். சீத்தாவைச் சூடாக்கக் கூடாது. குழைந்த சதை என்பதால் துண்டாக்கி முக்கவும் முடியாது. அப்படியென்றால், சாக்லேட்டைக் கிண்ணமாகச் செய்து, அதற்குள் பச்சையாகவே பழத்தை வைத்துவிட்டால்?

தம்பி ஓடிப்போய் டீக்கடையிலிருந்து காகிதக் கப் வாங்கி வந்தான். ஆயா எதுவும் சொல்லாமல், வெடித்ததும் நசுங்கியதுமாகப் பழங்களை ஒரு முறத்தில் தனியாக எடுத்துவைத்து, நகர்த்திவிட்டார். கூடைக்குப் போகாத பழங்கள். ருசி என்று பார்த்தால் அவைதான் உச்சத்தில் இருந்தன.

இப்படிச் செய்தாள்... நீங்களும் செய்யலாம்!

தேவையானவை (10 கப்புகளுக்கு, கூடவே ஒரு தட்டு பழத்துண்டுகளுக்கு): டார்க் காம்பவுண்ட் சாக்லேட் - 300 கிராம், நன்கு பழுத்த சீத்தாப்பழம் - 4 அல்லது 5, எலுமிச்சைச் சாறு - சில துளிகள், தேங்காய் எண்ணெய் - 1 டீஸ்பூன், கெட்டியான கொய்யா - 1, அதிகம் கனியாத வாழைப்பழம் - 2, உலர்ந்த தேன் நெல்லி - 10, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை - 2 டேபிள்ஸ்பூன், சிறிய காகிதக் கப் - 10, ஈர்க்குச்சி அல்லது பல்குத்தும் குச்சி, வாழை இலை.

சாக்லேட் உருக்க: சாக்லேட்டைச் சின்னதாகவும் ஒரே அளவாகவும் நறுக்குங்கள். பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் வைத்துக் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். விறகடுப்பு என்றால் விறகை வெளியே இழுத்துவிட வேண்டும். அதன்மேல் ஈரமில்லாத கிண்ணத்தை, அடி தண்ணீரில் படாமல் வையுங்கள். அந்த ஆவியிலேயே சாக்லேட் உருகிவிடும். உலர்ந்த கரண்டியால் மெதுவாகக் கிளறி, தேங்காய் எண்ணெய் சேர்த்தால் பூசுவதற்கு ஏற்ற பதம் வரும். கையில், கரண்டியில், கிண்ணத்தில் எங்கேயும் ஈரம் கூடாது.

கப் செய்ய: காகிதக் கப்பின் மேல்பாதியை வெட்டி எடுத்துவிடுங்கள். உள்பக்கம் ஒரு ஸ்பூன் சாக்லேட் விட்டு, ஸ்பூனின் பின்புறத்தால் சுற்றிலும் பூசுங்கள். இறுகியதும் இரண்டாவது முறை பூசுங்கள். ஓரங்கள் மெல்லியதாக இருந்தால் காகிதத்தை உரிக்கும்போது உடையும். நன்றாக இறுகிய பிறகு, காகிதத்தை ஓரத்தில் கீறி மெதுவாக உரித்து எடுங்கள்.

உள்ளே வைக்க: சீத்தாப்பழச் சதையைக் கையால் பிசைந்து, கண் பெரிதான சல்லடையில் தேய்த்து விதைகளை நீக்குங்கள். மிக்ஸி வேண்டாம். விதை அரைபட்டால் ஆபத்து. அதில் நச்சுத்தன்மை உண்டு. விதைப் பொடி கண்ணில் பட்டால் கருவிழியையே பாதிக்கும். பேனுக்கு மருந்து என்று விதையை அரைத்துத் தலையில் தேய்ப்பதும் வேண்டாம். வடித்த சதையில் சில துளிகள் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சீக்கிரம் நிறம் மாறாது. சர்க்கரை தேவையில்லை. சாப்பிடக் கொடுப்பதற்குச் சற்றுமுன்பு கப்பில் நிரப்பி, மேலே வேர்க்கடலைப் பொடி தூவுங்கள்.

முக்கி எடுக்க: கொய்யா, வாழைத் துண்டுகளைச் சுத்தமான துணியில் ஒற்றி எடுங்கள். தேன் நெல்லி பிசுபிசுப்பு இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். குச்சியில் செருகி, பாதியளவு சாக்லேட்டில் முக்கி, சொட்டு வடிந்ததும் துடைத்த வாழை இலையில் வையுங்கள். பட்டர் பேப்பர் தேடி அலைய வேண்டாம். இலையிலிருந்து அழகாகக் கழன்று வரும்.

கவனிக்க: காம்பவுண்ட் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். அதனால், உருக்கி ஆறவைத்தாலே இறுகிவிடும். வீட்டில் கையாள எளிது. கோகோ வெண்ணெய் உள்ள அசல் சாக்லேட் சுமார் 34 டிகிரியிலேயே உருகும். அதைப் பக்குவமாக இறுகவைக்கத் தனிப் பயிற்சி வேண்டும். சீத்தாவும் சாக்லேட்டும் சேர்ந்தால் இனிப்பு அதிகம். சர்க்கரை நோயாளிகள் ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சென்னையிலோ வேலூரிலோ என்றால் கப்புகளைப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். அவளுக்கு அந்த வேலையை மலை செய்து கொடுத்தது. ஐப்பசி இரவின் குளிரில், திண்ணையில் வைத்த கப்புகள் தானாக இறுகின. ஒரே பயம் எறும்புதான். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு சட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் சாக்லேட் தட்டை வைத்து, பனை ஓலைக் கூடையால் மூடிவிட்டார் ஆயா.

நாற்பது ரூபாய்

விடியற்காலையில் ஆயா கூடையைத் தூக்கினார்.

"இன்னிக்குமா? பாப்பாவோட ஃபிரண்டுங்க வர்றாங்களே" என்றார் அம்மா.

"நாளு கெழம. லீவு நாளுல பஸ்ஸு, காரு நெறைய வரும். பழம் நாளைக்கி வரைக்கும் நிக்குமா?" பழைய சேலைத் துணியைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு ஆயா கிளம்பிவிட்டார்.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆயா வீட்டில் இல்லாவிட்டால் தோட்டக் கதை தப்பித்துவிடும். அப்படி நினைத்த அடுத்த நொடியே முகம் சுட்டது. ராத்திரி பதினொரு மணி வரை முறத்தில் குனிந்து, அவளுக்காக விதை பொறுக்கிக் கொடுத்தவர் அவர்.

பதினோரு மணிக்குத் தோழிகள் வந்து சேர்ந்தார்கள். வளைவுகளில் வாந்தி எடுத்தது யார் என்ற சண்டையோடு உள்ளே நுழைந்தார்கள். அம்மா நீராகாரம் வேண்டுமா, மோர் வேண்டுமா என்று கேட்டுத் தவித்தார். ஒருத்தி கையிலிருந்த துணிப்பையை நீட்டினாள்.

"உங்க தோட்டத்துலயே இருக்கும்னு தெரியும். ஆனாலும் வெறுங்கையோட வரக் கூடாதுன்னு பஸ் ஸ்டாப்ல வாங்கினோம். ஒரு பாட்டி எட்டுப் பழம் நூறு ரூபா சொன்னாங்க. பேசிப் பேசி அறுபதுக்கு முடிச்சுட்டோம்ல!"

பையில் எட்டுப் பழங்கள். நசுங்காமல் இருக்க, பழத்துக்குப் பழம் இடையில் பழைய சேலைக் கிழிசல் வைத்திருந்தது. பச்சையில் வெள்ளைப் புள்ளி. அது எந்தச் சேலை என்று அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அவளும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்து வந்தாள். கப்புகளில் சீத்தாச் சதையை நிரப்பினாள். தம்பி வேர்க்கடலைப் பொடி தூவினான். மெழுகுவத்தி கிடையாது. காமாட்சி விளக்கின் முன்னால் வாழை இலையில் பத்துக் கப்புகளும் கொய்யா, வாழை, நெல்லித் துண்டுகளும் வரிசையாக இருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"ஐயோ, இது நீயே செஞ்சதா? கடையில வாங்கினது மாதிரி இருக்கே!" கசப்பு ஓடு உடைந்து, உள்ளே குளிர்ந்த சீத்தா நாக்கில் பட்டதும் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். நெல்லியைத் தின்றவள் முதலில் முகம் சுளித்து, பிறகு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். போட்டோக்கள் எடுத்தார்கள். எல்லாம் அவள் நினைத்ததைவிட நன்றாக நடந்துகொண்டிருந்தது.

"சரி, தோட்டம் எங்க? சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாமா?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். தூரம், வழியில் அட்டை, மழை வரும் என்று எத்தனையோ காரணங்கள் மனதில் தயாராக இருந்தன. அவள் பார்வை துணிப்பையின் மேல் நின்றது.

"தோட்டம்லாம் இல்ல. நான் சும்மா சொன்னேன்" என்றாள். "வேலியில நிக்குதே, அதுதான் எங்க மரம். பறிச்சு விக்கிறது எங்க ஆயா. நீங்க பஸ் ஸ்டாப்ல வாங்கினீங்க இல்ல, அவங்கதான்."

யாரும் பேசவில்லை. பேரம் பேசியவள் கையில் பாதி தின்ற கப் இருந்தது. அதைக் கீழே வைப்பதா, தின்று முடிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். ஜவுளிக்கடைக்காரர் மகள்தான் அவள்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கு இவளிடம் பதில் இல்லை. அம்மாதான் உள்ளே இருந்து வந்து, "சோறு ஆறுது, வாங்கம்மா எல்லாரும்" என்று இலை போட்டார். வீட்டில் நெல்லுச்சோறு இல்லையே என்று காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், மூன்று பேர் சாமைச் சோறு இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்கள்.

மூன்று மணிக்கு ஆயா காலிக் கூடையோடு வந்தார். திண்ணையில் நான்கு பெண்களும் சட்டென்று எழுந்து நின்றார்கள். ஆயா அவர்களைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கதானா அது? நல்லாத்தான் வெல பேசுனீங்க."

பேரம் பேசியவள் நாற்பது ரூபாயைக் கையில் மடித்து வைத்திருந்தாள். "பாட்டி, எங்களுக்குத் தெரியாது. இதை வாங்கிக்கங்க."

ஆயா வாங்கவில்லை. "அறுபதுக்குக் கட்டும்னுதான் குடுத்தேன். கட்டலன்னா குடுத்திருப்பனா? வாங்குறவங்க கொறச்சுதான் கேப்பாங்க. அது யாவாரம். இது வீடு. பணத்த உள்ள வை கண்ணு."

அதற்குமேல் அவளால் வற்புறுத்த முடியவில்லை. ரூபாயைத் தம்பியிடம் கொடுக்கப் பார்த்தாள். ஆயா பார்த்த பார்வையில் தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

ஆயாவுக்கென்று மூடிவைத்திருந்த ஒரு கப்பைப் பேத்தி எடுத்து வந்து கொடுத்தாள். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் விரலால் பழத்தை வழித்துச் சாப்பிட்டார். பிறகு ஓட்டை ஒரு கடி கடித்தார். மென்றார். இன்னும் கொஞ்சம் மென்றார்.

"பழம் நல்லாருக்குது. சுத்தி இந்தக் கருப்பு இன்னாத்துக்கு? ராத்திரி அடுப்புல வெச்சுக் கசக்க வெச்ச. அது போதாதுன்னு கசக்குறதுக்குள்ள கொண்டாந்து வெச்சிருக்க!"

முதலில் சிரித்தது அம்மா. பிறகு எல்லோரும். மிச்ச ஓடு தம்பிக்குப் போனது.

மேகம் மூடிக்கொண்டதால் அன்றைக்குக் காவலூர் போகவில்லை. அருவிக்கு மட்டும் போய்விட்டு, மறுநாள் காலை கிளம்பினார்கள். கிளம்பும்போது ஆயா வேலியோரம் நின்று, ஒவ்வொரு காயாகத் தடவிப் பார்த்துப் பறித்துக் கூடையில் அடுக்கினார். எல்லாம் கல் மாதிரி இருந்தன. அப்போதுதான் கண் திறந்தவை.

"பழுத்தத எடுத்துனு போனா பஸ்ஸுல கூழாயிடும். இது மூணு நாளுல பழுக்கும். அரிசிக்குள்ள பொதச்சு வெக்காதீங்க, சாக்குத் துணில சுத்தி வெச்சா போதும். பழுத்த அன்னிக்கே தின்னுடணும், வெச்சிக்கக் கூடாது."

"எவ்வளவு பாட்டி?" என்று கேட்டாள் ஜவுளிக்கடைக்காரர் மகள்.

ஆயா ஒரு கணம் யோசித்தார். முந்தின நாள் பழம் வீட்டு விருந்து. இது விடுதிக்குப் போகிற கூடை.

"இருபது பழம். இருநூத்தம்பது."

இந்த முறை யாரும் பேரம் பேசவில்லை. ஆயா பணத்தை எண்ணிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, கூடுதலாக இரண்டு பழங்களை அவரே எடுத்து மேலே வைத்தார்.

மூன்றாம் நாள் ராத்திரி, விடுதியில் மிச்சமிருந்த சாக்லேட் கட்டி உருகியது. எலெக்ட்ரிக் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தட்டில் ஊற்றி, அதன்மேல் டிபன் பாக்ஸை வைத்தார்கள். ஈரம் படக் கூடாது என்று அவள் மூன்று முறை சொன்னாள். பக்கத்து அறைப் பெண்கள் எட்டிப் பார்த்து, "இந்தப் பழம் எங்க வாங்கினீங்க? இவ்வளவு பெருசா இருக்கே!" என்று கேட்டார்கள்.

"எங்க ஆயா விக்கிறாங்க" என்றாள் அவள். "அடுத்த வாரம் போறேன். யாருக்கு எத்தனை வேணும்னு எழுதிக் கொடுங்க."